ஏதேனும் ஒரு பட்டம்

ஆளெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரைப் பார்த்தாலும், பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "சார், அனுபவமா, பட்டமா, எதைப் பார்த்து எடுக்கணும்?" அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், என் கைவசம் ஏதோ சூத்திரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பெண்ணுக்கு நான் செய்த கெடுதல் மட்டும்தான். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அனுபவம் என்ற சொல்லைக் கேட்டதும் உருகிப்போகிற ஆள் இல்லை நான். ஒருமுறை கணக்குப் பிரிவுக்குப் பதினெட்டு வருட அனுபவம் என்று ஒருவரை அவசரமாக எடுத்தோம். வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பழைய கம்பெனியில் அத்தனை வருடமும் அவர் வவுச்சரில் சீல் வைக்கிற வேலையை மட்டும் பார்த்திருக்கிறார் என்று. மிகவும் நேர்த்தியாக வைப்பார், அது வேறு விஷயம். அதேபோல் பட்டத்தைக் கேலி செய்கிறவனும் இல்லை. நானே சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டுத் திருச்சியிலிருந்து வந்தவன். வந்த முதல் வருடம் லீவு ரிஜிஸ்டரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாமல் முழித்தேன். என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் பட்டம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி கற்பகத்தின் கதை.

எங்கள் டெஸ்பாட்ச் அலுவலகத்தில், அதாவது சரக்கை லாரியில் ஏற்றிப் பில்லோடு அனுப்புகிற பிரிவில், கற்பகம் ஒப்பந்தப் பணியாளராகப் பன்னிரண்டு வருடம் இருந்தார். பிளஸ் டூ படிப்பு. பருத்திப்பட்டில் வீடு. கணவர் தவறிவிட்டார், ஒரு பெண் குழந்தை. கம்ப்யூட்டரில் பில் அடிக்கிற ஆளாகத்தான் ஏஜென்சி மூலம் உள்ளே வந்தார். நான்கைந்து வருடத்தில் அந்தப் பிரிவே அவர் தலையில் ஓடியது. பெயருக்கு ஒரு மேலாளர் இருந்தார். அவரும் எதுவென்றாலும் "கற்பகத்தைக் கேளுங்க" என்பார்.

ஒரு நவம்பர் மாதம், காலை பதினொரு மணி இருக்கும். பேய் மழை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள கார் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய எங்கள் லாரி குமணன்சாவடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் கார் தயாரிப்பு லைன் நம் சரக்குக்காக நின்றால் அபராதம் மட்டுமில்லை, அடுத்த ஆர்டரே வராது. எங்கள் பொது மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு, மழை குறையும்வரை பொறுப்போம் என்றார். வேறு என்ன செய்வது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. நானும் வேடிக்கை பார்க்கிறவனாக அங்கே நின்றிருந்தேன்.

கற்பகம் போனைக் காதில் வைத்தபடியே சொன்னார். "சார், லாரில கீற எல்லா சரக்கும் இப்ப தேவயில்ல சார். சாயங்காலம் வரிக்கும் அவங்களுக்கு லெஃப்ட் சைட் பிராக்கெட் மட்டும் தான் வேணும். ரைட் சைட் நேத்தே மூணு டிரே எக்ஸ்ட்ராவா குட்த்து அனுப்பிக்கிறேன். ரெண்டு குட்டியானை வண்டிய பூந்தமல்லி பக்கத்துலேந்து தண்ணி ஓரம் வரிக்கும் வர சொல்லிட்டேன். லெஃப்ட் மட்டும் அதுல மாத்திட்டா போதும்."

பொது மேலாளர், "பில் லாரி நம்பர்ல இல்ல இருக்கு?" என்றார்.

"மாத்திட்டேன் சார். ரெண்டு டிரைவர் போன்லயும் அனுப்பிட்டேன்."

லைன் நிற்கவில்லை. பொது மேலாளர் அன்று மாலை தலைமையிடத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில் "எங்கள் குழுவின் சமயோசிதம்" என்று எழுதியிருந்தார். கற்பகத்தின் பெயர் அதில் இல்லை. ஒப்பந்தப் பணியாளரின் பெயரை அதில் எழுதுகிற வழக்கம் கிடையாது.

பிறகு எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் தணிக்கைக்கு ஆட்களை அனுப்பினார். அலுவலக வேலைகளை ஒப்பந்த ஆட்களை வைத்துச் செய்யக்கூடாது, நிரந்தர ஆட்கள்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு பதவிக்கும் நீங்களே எழுதி வைத்திருக்கும் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏஜென்சி ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிகிறது. அதற்குள் டெஸ்பாட்ச் முதுநிலை உதவியாளர் என்ற ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு ஆளெடுக்க வேண்டும். கற்பகத்துக்கு அந்த இடம் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் வெளியே. நடுவில் வேறு வழி கிடையாது.

தகுதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "கல்வி: ஏதேனும் ஒரு பட்டம்." அதை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நானேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்துக் கம்பெனி நண்பரிடம் படிவத்தைக் கடன் வாங்கி, நாற்பது பதவிகளுக்கு ஒரே மதியத்தில் நிரப்பினேன். அலுவலக வேலை என்று இருந்த எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் அதே மூன்று சொற்களைப் போட்டேன். எந்தப் பட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், அந்த வேலைக்குப் பட்டமே தேவையில்லை என்றுதானே அர்த்தம்? விலங்கியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் செய்யக்கூடிய வேலையை, பன்னிரண்டு வருடம் அதையே செய்தவர் செய்யக்கூடாதா? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, அந்தச் சொற்கள் ஒருவர் கழுத்தில் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

அப்போதுகூட நேரம் இருந்தது. "பட்டம் அல்லது ஐந்து வருட நேரடி அனுபவம்" என்று திருத்தி, பொது மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தணிக்கைக்காரர்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தணிக்கை நடந்த கையோடு தகுதியைத் திருத்தினால் ஆளுக்கு ஏற்ற மாதிரி வளைத்தோம் என்று பெயர் வரும், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கக் கடிதம் எழுதச் சோம்பல் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

கற்பகம் என் அறைக்கு வந்து கேட்டார். "சார், என் சீட்டுக்கு வெளியாள் எடுக்கப் போறாங்கோன்னு சொல்றாங்களே, நெசமா சார்?"

இந்த இடத்தில் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள்.

"ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும் கற்பகம். எந்த டிகிரி, எங்க படிச்சதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. ஒரு பேப்பரக் கொண்டு வந்து குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருப்பதாக ஒரு ரசீது கொண்டுவந்தால்கூட அதைக் காட்டிப் பேசிப் பார்க்கலாம் என்று ஏதோ மங்கலாக மனதில் இருந்தது. ஆனால் அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆறு மாதத்தில் யாராலும் பட்டம் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முடியாத ஒன்றைக் கொண்டு வா என்று மேலே இருக்கிறவன் சொன்னால், கீழே இருக்கிறவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? வழி பார்த்துக்கொள் என்று சொல்வதாகத்தான் புரிந்துகொள்வார்.

அவர் வழி பார்த்துக்கொண்டார். குமணன்சாவடியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில், "கல்வி மையம்" என்று போர்டு வைத்திருந்தார்கள். ஒரே தவணையில் பட்டம். ஒன் சிட்டிங் என்று சொன்னால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் கழித்து, உறையில் போட்ட ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வடக்கே எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். பி.ஏ. வரலாறு. தேர்ச்சி பெற்றது நான்கு வருடங்களுக்கு முன்னால் என்று போட்டிருந்தது.

படித்ததாக அதில் காட்டியிருந்த மூன்று வருடமும் பரீட்சை மாதங்களில் அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவன் நான். காகிதம் வழவழவென்று புதிதாக இருந்தது. ஒரு சான்றிதழைத் தொட்டாலே தெரிந்துவிடும், முப்பது வருடம் அதைத்தானே தொட்டுக்கொண்டிருந்தேன்.

"வரலாறா?" என்று கேட்டேன்.

"ஆமா சார்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

நான் வேலை பழகிய காலத்தில் எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். கெட்டிக்காரர். ஒரு புகாரிலும் சிக்காமல் ஓய்வு பெற்றவர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "கேட்டுத் தெரிஞ்சுகிட்டா நீ பொறுப்பு. கேக்காம வெச்சுகிட்டா ஃபைல் பொறுப்பு." உங்களுக்கும் இப்படிச் சொல்லித்தர யாராவது வருவார்கள். கெட்டிக்காரராகவும் இருப்பார். நான் அன்று அவர் சொன்னபடியே செய்தேன். கற்பகத்திடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நகலில் "அசலுடன் ஒப்பிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன். வாழ்த்துகள் என்று கைகூட கொடுத்தேன்.

நியமன ஆணையை வாங்கிய அன்று அவர் அழுதுவிட்டார். கேன்டீனில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். இன்றைக்கும் ஒரு பாதி மனது அப்படித்தான் சொல்கிறது. வேலைக்குச் சரியான ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் அவர் காலுக்குக் கீழே என்ன பலகை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் ஓடியது. கம்பெனியில் ஒரு வெளிநாட்டுப் பங்குதாரர் வந்து சேர்ந்தார். முதல் வேலையாக, கடந்த ஐந்து வருடத்தில் நிரந்தரமான எல்லோருடைய சான்றிதழ்களையும் ஒரு ஏஜென்சியை வைத்துச் சரிபார்த்தார்கள். உங்களுக்கு இது தினசரி வேலை. எங்களுக்கு அப்போது புதிது. மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. அறுபத்திரண்டு பேரில் ஒருவர் பெயருக்கு எதிரில் மட்டும் சிவப்பு. அந்தப் பதிவு எண்ணில் எங்களிடம் யாரும் படிக்கவில்லை என்று பல்கலைக்கழகம் பதில் எழுதியிருந்தது.

கலந்தாய்வு அறையில் விசாரணை. பொது மேலாளர், பங்குதாரர் கம்பெனியிலிருந்து வந்த சட்ட ஆலோசகர், நான். எதிரே கற்பகம். ஆலோசகர் அந்த நகலை மேஜையில் அவர் பக்கம் தள்ளினார். அதில் என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது.

"இது நீங்க படிச்சு வாங்கினதா?"

"பரிட்ச எழுதினேன் சார்," என்றார் கற்பகம். "ஒரு ஞாயித்துக்கெயம வர சொன்னாங்க. மூணு மணி நேரம் எழுதினேன். பதினெட்டு பக்கம். பாத்து எழுத சொல்லி புக்கு குட்த்தாங்க. நா பாக்காமயே முடிஞ்ச வரிக்கும் எழுதினேன் சார்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அடுத்த கேள்வியைக் கேட்டார். "இப்படி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி ஆபீஸ்ல யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

கற்பகம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் குனிந்து நோட்டுப் புத்தகத்தில் தேதியை எழுதினேன். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் மனதில் ஓடியது என்பதை மறைக்கப் போவதில்லை.

"யாரும் சொல்லல சார். நானே தான்," என்றார்.

பொது மேலாளர் என் பக்கம் திரும்பினார். "வாங்கி வைக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலையா?"

இந்தக் கேள்வி எனக்கு வந்தது. பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, வாய் இருந்தது, எதிரே அந்தப் பெண் இருந்தார். சந்தேகம் வந்தது, தெரிந்தேதான் வைத்தேன், நான்தான் அவரைத் தூண்டினேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு வேலை நிலைத்திருக்குமா என்று தெரியாது. ஒருவேளை பழையபடி ஒப்பந்தத்திலாவது தொடர விட்டிருப்பார்கள். ராஜினாமா செய்துவிட்டு மரியாதையாகப் போக விட்டிருப்பார்கள். குறைந்தபட்சம் அவர் அந்த அறையில் தனியாக இருந்திருக்க மாட்டார்.

"பாக்க ஒரிஜினல் மாதிரிதான் சார் இருந்தது," என்று சொன்னேன்.

கற்பகம் அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

பணிநீக்க ஆணையை நான்தான் தயார் செய்தேன். "போலி ஆவணம் சமர்ப்பித்த காரணத்தால்." அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சர்ட்டிபிகேட் பொய்னே வெச்சுக்கலாம் சார். பதினாலு வருசம் வேல செஞ்சது நெசம் தான? அத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி குட்த்துருங்க. வேற எங்கனா போயி பொயச்சிக்கிறேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்று மேலே போனேன். மோசடிக்காக நீக்கப்பட்டவருக்கு அனுபவச் சான்று தருவதில்லை என்பது கம்பெனி விதி என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்த வருடங்களுக்குக் கேட்கலாம் என்றால், அந்த ஏஜென்சியே மூடிவிட்டுப் போயிருந்தது. ஆக, இல்லாத மூன்று வருடப் படிப்பைச் சொன்னதற்காக, இருந்த பதினான்கு வருட வேலை இல்லை என்று ஆகிவிட்டது. முடியாதாம் என்று நான் போய்ச் சொன்னபோது, அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். டெஸ்பாட்ச் கேட்டில் நின்ற லாரி டிரைவர்கள் "இன்னாக்கா, சீக்கிரம் ஊட்டுக்கு கெளம்பிட்ட?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அதோடு முடிந்தது என்றால்கூட மனம் ஆறியிருக்கும். எஸ்டேட்டுக்குள்ளேயே இரண்டு கம்பெனிகள் அவரை எடுக்க நினைத்தன. அவர் வேலையைப் பார்த்தவர்கள் எடுக்கத்தானே நினைப்பார்கள்? ஆனால் விசாரித்துக்கொள்வது வழக்கம். இரண்டு தடவையும் போன் எனக்குத்தான் வந்தது. இரண்டு தடவையும் திரையில் இருந்த வரியை அப்படியே வாசித்தேன். "போலி ஆவணம் சமர்ப்பித்த காரணத்தால் பணிநீக்கம்." மறுமுனையில் இருந்தவர், "ஐயையோ, நல்ல வேளை சார்," என்று எனக்கு நன்றி சொன்னார்.

அந்த நாற்காலிக்கு ஒரு எம்.பி.ஏ. பையன் வந்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த வாடிக்கையாளருக்கு எந்த கேட், யாருக்கு எந்த டிரே முன்னால் போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. நான்கு மாதத்தில் போய்விட்டான். அவனுக்கு அனுபவச் சான்று கொடுத்தோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பருத்திப்பட்டுக்குப் போனேன். ஏரிக்கரையிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. கற்பகம் கதவைத் திறந்து, "வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். அம்பத்தூரிலேயே ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் வேலை என்றார். தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது. நாள் முழுக்க நின்றுகொண்டே. அங்கே சான்றிதழ் கேட்பதில்லை. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கியிருந்தது. உள்ளே மகள் எதையோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"பி.காம். மூணாவது வருசம் சார்," என்றார். "நெசமான காலேஜ்."

பையிலிருந்து நான் எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் தாளில், என் கையெழுத்தில், என் சொந்தப் பெயரில். இவர் பதினான்கு வருடம் இந்த இந்த வேலைகளைச் செய்தார், இன்ன இன்ன நெருக்கடிகளைச் சமாளித்தார், இவரைவிடத் திறமையான டெஸ்பாட்ச் ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை, அவர் நீக்கப்பட்டதற்கான தவறில் என் பங்கு உண்டு. இரண்டு பக்கம். மூன்று தடவை அடித்து எழுதியது.

நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். பிறகு மடிப்பு கலையாமல் மடித்து, இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எய்திக்கிறீங்க சார். ஒரு வார்த்த பொய் இல்ல," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா இத எனக்கு குட்த்து இன்னா சார் பண்றது? இதுல கீறது எல்லாம் எனக்குத் தெரியாததா? அன்னிக்கி அந்த ரூம்ல ரெண்டு பேரு குந்திகினு இருந்தாங்க. அவங்க முன்னாடி சொல்லிருக்கணும் நீங்க."

டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயன் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு இன்னொரு பெண்ணின் விண்ணப்பம் உங்கள் மேஜைக்குத்தான் வரும், அவரைப் பற்றி விசாரிக்கிற போன் உங்களுக்குத்தான் வரும். அதனால் உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவரச் சொன்னவன் நான். அந்தப் பெண் பதினான்கு வருடம் அங்கே வேலை செய்தது உண்மை.